தலை என்ன முட்டுக்கட்டையா?

புனேயில் நம் ஆட்கள் புது ஃபிளாட் வாங்கினால் கிருகப்பிரவேசத்துக்கு முன்னாடியே ஃபால்ஸ் சீலிங் வந்துவிடுகிறது. தப்பில்லைங்க. ஆனால் ஜிப்சம் போர்டு மாட்டுகிற அன்றைக்கு ஒரு தடவை ஹாலுக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு பையன் ஸ்டூலில் நின்றுகொண்டு ஆறடிக்கு நாலடிப் பலகையைத் தலையாலும் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருப்பான். இன்னொருவன் நிதானமாக ஸ்குரு முடுக்குவான். அரை இஞ்ச் கனமுள்ள அந்தப் பலகை ஏறக்குறைய 18 கிலோ. ஹாலுக்கு மட்டுமே எட்டுப் பத்துப் பலகை வரும்.

கான்ட்ராக்டரைக் கேட்டால், "ஆதத் ஹை சாப்" என்பார். பழகிவிட்டதாம். கழுத்து பழகுமா?

ஊரில் தளம் போடும்போது சவுக்குக் கம்பு முட்டு கொடுக்காமல் ஆளை நிறுத்தித் தாங்கச் சொல்வோமா? அதே முட்டுதான் இங்கேயும் வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்காரர்களே இதைச் செய்துகொண்டு சீலிங் மாட்டுகிறார்கள். 'டெட்மேன்' என்று பெயர். (பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.)

ஆங்கில 'டி' எழுத்து மாதிரி, மூன்றடி ரீப்பர் குறுக்கே, அதன் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கட்டை, இரண்டு பக்கமும் சாய்வுத் துண்டு. அவ்வளவுதான். சைட்டில் மிஞ்சிக் கிடக்கும் மரமே போதும். சூட்சுமம் அளவில்தான். தரையிலிருந்து இரும்பு ஃபிரேமின் அடிப்பக்கம் வரை என்ன உயரமோ, அதுவே முட்டின் மொத்த உயரம். இடையில் போர்டு வரும்போது அரை இஞ்ச் கூடிவிடுகிறது அல்லவா? அதனால் முட்டு கொஞ்சம் சாய்ந்து நிற்கும். காலை உள்ளே தள்ளத் தள்ள இறுகும். சுத்தியலால் அடித்து நிமிர்த்தக் கூடாது. நம் சீலிங் தொங்குவது ஸ்ட்ராப் பட்டையில், ஃபிரேமே எழும்பி மட்டம் போய்விடும். மேலே பழைய துணி சுற்றினால் போர்டின் காகிதம் கிழியாது. அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஆணியடியுங்கள், டைல்ஸ் வழுக்கும். பலகையை மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டும்தான். ஏற்றிய பிறகு இரண்டு முட்டு தாங்கும், தலை தேவையில்லை.

இதற்குச் செலவு என்ன? ஒரு பிடி ஆணி. சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் பேசுகிறோம். நான் பேங்க்காரன், பேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரேட் எழுதி வாங்குகிற அதே தாளில் 'முட்டு வைத்துத்தான் மாட்ட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? "அது கான்ட்ராக்டர் பாடு சார்" என்கிறார்கள். 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான் பார்த்தது. மூன்று பேர் வேலை செய்கிற நம் ஹாலை யார் வந்து பார்ப்பார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும். அந்தப் பையன் மால்டாவிலிருந்தோ கோரக்பூரிலிருந்தோ வந்திருப்பான். பொங்கல் விழா மேடையில் 'ஊரை விட்டு வந்தவர்கள் நாம்' என்று உருகுகிறோமே, அவன் மட்டும் எங்கே இருந்து வந்தான்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் சிரிப்பார்.