கிலோ கணக்கில் போகும் மில்லிங் மெஷின்

கொங்கு நாட்டில் லேத் பட்டறையைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. ஊருக்கு ஒன்றாவது இருக்கும். மில்லிங் மெஷின் அப்படியில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர்கள்கூட அதை ஒரு செமஸ்டரில் இரண்டு மூன்று முறை தொட்டிருந்தால் அதிகம். பரீட்சைக்கு ஒரு ஸ்பர் கியர், ஒரு கீவே. அத்தோடு சரி!

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். லேத்தில் பொருள் சுற்றும், டூல் சுற்றாது. அதனால் உருண்டையான சாமான்களைக் கடைய அது ஏற்றது. மில்லிங்கில் அப்படியே தலைகீழ். கட்டர் சுற்றும், பொருளை மேசையில் இறுக்கிப் பிடித்து அதற்கு எதிரே நகர்த்த வேண்டும். தட்டையான முகம், காடி, சாவிக்குழி, பல்சக்கரத்தின் பல் எல்லாம் இதில் வெட்டலாம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி செய்கிறவர்களிடம் உருவான மெஷின் இது. 1860களின் தொடக்கத்தில் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் ஜோசப் பிரவுன் 'யுனிவர்சல்' மில்லிங் மெஷினைச் செய்தார். எதற்காகத் தெரியுமா? டிரில் பிட்டில் இருக்கும் அந்த முறுக்குக் காடியை வெட்டுவதற்காக!

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெரிய தொழிற்சாலைகள் சி.என்.சி.க்கு மாறிய பிறகு, பழைய கைமெஷின்கள் ஏலத்துக்கு வருகின்றன. பொதுத்துறை நிறுவனங்கள் எம்.எஸ்.டி.சி. மூலம் ஆன்லைன் ஏலத்தில் விடுகின்றன. தனியார் பட்டறைக்காரர்கள் நேரே பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிட்டு விடுகிறார்கள். அவர் தராசோடு வருவார். இரண்டு டன் எடையுள்ள மெஷினுக்கு இரண்டு டன் இரும்பின் விலை. அங்கே மெஷின் என்ற சொல்லுக்கே மதிப்பில்லை, எடைக்கு மட்டும்தான் மதிப்பு.

அப்படி ஒரு மெஷினை வாங்கி, மூலனூர் மாதிரி ஒரு ஊரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சரிசெய்து ஓட்டுவது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா? இரண்டுமாகவும் இருக்கலாம். எதற்காக வாங்குகிறோம், எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

மூலனூருக்கு எதற்கு மில்லிங் மெஷின்?

தாராபுரத்துக்கும் கரூருக்கும் இடையே இருக்கும் மூலனூர் என்றால் பலருக்கும் பருத்தி ஏலமும் முருங்கைக்காயும்தான் நினைவுக்கு வரும். வடக்கே வெள்ளக்கோவில் பக்கம் விசைத்தறிகள், காங்கயம் பக்கம் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும். திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை மெஷின்களிலும் ஏதாவது ஒன்று உடைந்துகொண்டேதான் இருக்கும். ஒரு ஷாஃப்டின் சாவிக்குழி சிதைந்து போகும். ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் போய்விடும்.

புது மெஷின் என்றால் கம்பெனியிலேயே ஸ்பேர் கிடைக்கும். பழைய மெஷினைச் செய்த கம்பெனியே இல்லாமல் போயிருந்தால்? சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு சுமார் நூறு கிலோமீட்டர் போய், கோவையில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்க வேண்டும். ஒரே ஒரு பீஸுக்கு எந்தப் பெரிய பட்டறையும் ஆசையோடு வேலை செய்யாது. அதுவரை ஆலை நிற்கும், ஆலையில் வேலை செய்கிறவர்களின் கூலியும் நிற்கும்.

இங்கேதான் ஒரு பழைய மில்லிங் மெஷினுக்கு வேலை இருக்கிறது. கூடவே ஒரு டிவைடிங் ஹெட் இருந்தால் போதும். அதன் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் பொருள் ஒரு சுற்றுச் சுற்றும். 36 பல் வேண்டுமா? 40ஐ 36ஆல் வகுத்தால் ஒரு முழுச் சுற்றும் ஒன்பதில் ஒரு பங்கும். அதாவது 27 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் மூன்று துளையும். ஆறாம் வகுப்பு பின்னக் கணக்குதான்! 'சி.என்.சி. காலத்தில் இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஆயிரம் பீஸ் ஒரே மாதிரி வேண்டும் என்றால் சி.என்.சி.யை அடிக்க ஆளில்லை. உடைந்து போன ஒரே ஒரு பீஸுக்குக் கைமெஷின்தான் லாயக்கு.

கோவை எப்படி வளர்ந்தது?

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. கோவையின் எஞ்சினியரிங் தொழிலே ரிப்பேர் வேலையில் முளைத்ததுதான். பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் வேண்டியிருந்தது, கிணறுகளுக்கு பம்ப் வேண்டியிருந்தது, 1930களில் பைக்காரா மின்சாரமும் வந்து சேர்ந்தது. ரிப்பேர் செய்தவர்கள் பாகம் செய்தார்கள், பாகம் செய்தவர்கள் மெஷினே செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் செய்தது. அதே ஜி.டி. நாயுடு இயந்திரம் கற்றது எந்தக் கல்லூரியில்? வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்து மாட்டித்தான் கற்றார் என்பது கொங்கு நாட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை.

எச்.எம்.டி. என்றால் பலருக்குக் கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1953ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் அது தொடங்கப்பட்டதே லேத் செய்வதற்காகத்தான். பின்னால் ஹரியானாவில் பிஞ்சோர் ஆலையில் மில்லிங் மெஷின்கள் செய்தார்கள். கடிகாரக் கம்பெனியை மூட 2016ல் மத்திய அரசு முடிவெடுத்தபோது எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள்! அந்தக் கடிகாரத்தைத் தேடிப் பிடித்து வாங்கவும் ஆளிருக்கிறது. அதே பெயரைத் தாங்கிய மில்லிங் மெஷின் உருக்கு உலைக்குப் போகும்போது மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதைப் பார்ப்பது? பெரும்பாலானவர்கள் பெயின்டையும் மோட்டாரையும் பார்க்கிறார்கள். இரண்டுமே முக்கியமில்லை! பெயின்ட் ஒரு நாள் வேலை. மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதது ஒன்றுதான்: மேசை நகரும் சறுக்குத் தடங்களின் நேர்த்தி. மெஷினுக்குக் கொடுக்கும் காசு உண்மையில் அந்த நேர்த்திக்குத்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மேசை எப்போதும் நடுவில்தான் அதிகம் ஓடியிருக்கும், அதனால் நடுவில்தான் தேய்மானம் அதிகம். நடுவில் நிறுத்தி ஆட்டம் போகும்படி கிப் ஸ்குருவை முறுக்குங்கள். பிறகு மேசையைக் கோடி வரை ஓட்டிப் பாருங்கள். கோடியில் போய் இறுகிக்கொண்டால் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்த ஸ்குருவும் அதைச் சரிசெய்யாது.

ஒரு டயல் கேஜ் கையோடு இருக்கட்டும். அதன் ஒரு கோடு 0.01 மி.மீ., தலைமுடியின் தடிமனில் சுமார் ஏழில் ஒரு பங்கு. ஸ்பிண்டிலை மரக்கட்டையால் நெம்பி எத்தனை கோடு ஆடுகிறது என்று பாருங்கள். டேப்பர் துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள், கீறல் இருந்தால் தெரியும். டேப்பர் என்ன வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. 40 என்றால் டூல் ஹோல்டர் சுலபமாகக் கிடைக்கும். மிகப் பழைய வகை என்றால் மெஷின் சும்மா கிடைத்தாலும் ஹோல்டர் தேடியே வயசாகிவிடும். எல்லா கியரையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'கரன்ட் இல்லை தம்பி, ஆனா நல்லா ஓடும்' என்று சொன்னால், இரும்பு விலைக்கு மேல் ஒரு பைசா தராதீர்கள்.

லீட் ஸ்குருவில் இருக்கும் ஆட்டத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகப் பொருளைத் தள்ளி வெட்டினால் சமாளிக்கலாம். அதே திசையில் வெட்டினால்தான் ஆபத்து. ஆட்டம் இருக்கும் அளவுக்கு மேசையைக் கட்டரே வெடுக்கென்று இழுத்துவிடும். கட்டரும் போகும், வேலையும் போகும்.

எமரி ஷீட் என்னும் எமன்

வீட்டுக்கு வந்ததும் துரு தெரிகிறதே என்று எமரி ஷீட்டையோ கிரைண்டரையோ எடுத்துத் தடத்தைப் பளபளவென்று தேய்ப்பவர்கள் உண்டு. இதைவிட அந்த இரும்பு வியாபாரியே மேல்! அவர் மெஷினை ஒரேயடியாகக் கொல்கிறார். இவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறார்கள். பளபளப்பு வேறு, நேர்த்தி வேறு.

சரியான வழி ஸ்கிராப்பிங். சர்ஃபேஸ் பிளேட்டில் நீல மையை மெல்லியதாகத் தடவி, அதைத் தடத்தின் மேல் வைத்து உரசினால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடங்களை மட்டும் கை ஸ்கிராப்பரால் மைக்ரான் கணக்கில் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். நீலப் புள்ளிகள் எங்கும் சமமாகப் பரவும் வரை இப்படியே. மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று மாறி மாறி ஒப்பிட்டால் உண்மையான சமதளம் கிடைக்கும் என்று ஜோசப் விட்வொர்த் 1840ல் விளக்கினார். அன்றிலிருந்து தத்துவம் மாறவில்லை. இதற்கென்றே எட்வர்ட் கானலி எழுதி 1955ல் வந்த ஒரு தடித்த புத்தகமும் இருக்கிறது. ஆனால் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதி பழைய ஃபிட்டர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் ரிட்டயர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லித் தர மெஷின் இல்லாவிட்டால் அந்தக் கைப்பழக்கமும் அவர்களோடு போய்விடும்.

இது உடனே முடிகிற வேலை அல்ல, மாதக் கணக்கில் ஆகலாம். அதற்கு முன் எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டு, டீசலில் கழுவி, அடைத்துப்போன எண்ணெய்க் குழாய்களை ஊதிச் சரிசெய்ய வேண்டும். பல மெஷின்கள் சீக்கிரம் சாவது இந்தக் குழாய் அடைப்பால்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், தூசி கிளப்ப வேண்டாம்.

கரன்ட், உயிர், கணக்கு

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு எச்.பி. மோட்டாராக இருந்தால் சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. போதும். ஆனால் அது கொடுப்பது 415 அல்ல, 230 வோல்ட். ஸ்டாரில் இருக்கும் சின்ன மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே செய்யுங்கள். கூலிக்கு வேலை எடுத்தால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, தொழிலுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் இல்லாத மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். கரன்ட் போனதும் கட்டரில் கைவைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று கரன்ட் வந்தால்? வெறும் சுவிட்ச் என்றால் மெஷின் தானாக ஓடத் தொடங்கிவிடும். கையுறை, தொங்கும் சட்டைக் கை, துண்டு, லுங்கி எதுவும் கட்டர் பக்கத்தில் ஆகாது. லாரியிலிருந்து இறக்கும்போதும் கவனம் வேண்டும். செங்குத்து மில்லிங் மெஷினுக்குத் தலைக்கனம் அதிகம். மேசையைக் கீழே இறக்கி, தலையைக் கவிழ்த்துக் கட்டிய பிறகுதான் செயின் புளாக்கில் கைவைக்க வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. இதில் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெஷின், லாரி, கிரேன், கான்கிரீட் தளம், பேரிங், வைஸ், கட்டர் எல்லாம் கூட்டினால், மெஷின் விலையைவிட மற்ற செலவு அதிகமாக வரலாம். அடுத்த மாதமே ஆர்டர் முடித்துக் கொடுக்க வேண்டியவர் ராஜ்கோட்டிலோ பட்டாலாவிலோ செய்த புது மெஷினை வாங்குவதுதான் சரி. வட்டிக்குக் கடன் வாங்கி இந்த வேலையில் இறங்குவது சரியே இல்லை. வட்டி ஓடும், மெஷின் ஓடாது!

ஆனால் படிப்பு முடித்துவிட்டு, கையில் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் இளைஞர்கள் மூலனூரிலும் இருக்கிறார்கள், தாராபுரத்திலும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கையிலிருக்கும் காசில், தேய்ந்தாலும் தேறக்கூடிய ஒரு மெஷினை அளந்து பார்த்து வாங்கலாம். ரிட்டயர் ஆன ஒரு ஃபிட்டர் அய்யாவை டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வரலாம். அவர் கையிலிருந்து ஸ்கிராப்பரை வாங்கிப் பழகலாம். ஒரு வருடம் கழித்து அவர்களுக்கு அளக்கத் தெரியும், பிரிக்கத் தெரியும், பிரித்ததை மாட்டத் தெரியும். ஊரில் எந்த ஆலை நின்றாலும் முதல் போன் அவர்களுக்குத்தான் வரும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. லேபில் நிற்கும் பழைய மெஷினை 'கண்டம்' செய்து ஏலத்தில் விடுவதற்கு முன், அதைப் பிரித்துச் சரிசெய்வதையே இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுத்துப் பாருங்களேன். காசு கொடுத்து வாங்கிய ரெடிமேட் புராஜெக்டைவிட அது எவ்வளவோ மேல்.

பழைய மெஷினில் தராசு காட்டுவது இரும்பின் எடையை மட்டும்தான். அதற்குள் இருக்கும் நேர்த்தியை டயல் கேஜ் காட்டும். அடுத்த முறை ஒரு மெஷின் லாரியில் ஏறுவதைப் பார்த்தால், தராசுக்காரர் வருவதற்கு முன்பே டயல் கேஜோடு போய் நின்று பாருங்கள்.