"ஃபிக்ஸ்"னு எழுதின மகராசன்

ரெண்டு வாரமா ஆணி ஓவர் மக்களே. அதுல ஒரு ஆணி நானே எனக்கு அடிச்சுக்கிட்டது.

எங்க பேமென்ட் கோடுல ஒரு வரி: பேங்க்லேர்ந்து பதில் வர 45 செகண்ட் காத்திரு. புதுசா சேர்ந்த பையன், "எதுக்குண்ணா 45? கமிட் மெசேஜ்ல 'ஃபிக்ஸ்'னு மட்டும் இருக்கு"ன்னான். நான் வேற வேலையில இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம, "எவனோ சும்மா போட்டிருப்பான், 10 ஆக்கிடு"ன்னுட்டேன்.

அது லைவ்ல போன அன்னிக்கு சாயங்காலமே பேங்க் சர்வர் ஸ்லோ. நம்ம புரோகிராம் 10 செகண்ட்ல பொறுமை இழந்து மறுபடி அனுப்ப, சில பேருக்கு ரெண்டு தடவை காசு போயிடுச்சு. டேமேஜர்கிட்ட திட்டு வாங்கினது அந்தப் பையன். ராத்திரி கிட் ப்ளேம் போட்டுப் பாத்தா, மூணு வருஷம் முன்னாடி 45 போட்ட மகராசன் அடியேன்தான்! இதே டபுள் டெபிட்டை நிறுத்தத்தான் போட்டிருக்கேன். மறுநாள் போய் ஒத்துக்கிட்டேன், ஆனா வாங்கின திட்டு வாங்கினதுதானே.

என்ன மாத்தினோம்னு டிஃப் பாத்தா தெரிஞ்சுடும். ஏன் மாத்தினோம்? அதுக்குத்தான் மெசேஜ். முதல் வரி 50 எழுத்துக்குள்ள சுருக்கம், ஒரு வெத்து வரி, அப்புறம் விளக்கம்னு கிட் மேனுவலே சொல்லுது. லினக்ஸ் கெர்னல்ல இன்னும் கறார். "மாத்தினேன்"னு கதை விடக்கூடாது, "மாத்து"ன்னு கட்டளையா எழுதணும். (இந்த இலக்கண வாத்தியார் வேலை எனக்குப் பெருசாப் படல.) ஆனா பழைய தப்பைத் திருத்தும்போது, தப்பு எந்தக் கமிட்ல நுழைஞ்சுதோ அதோட அடையாளத்துல முதல் 12 எழுத்தையாவது குறிப்பிடணும்கிறாங்க பாருங்க, அது சூப்பர். அடுத்து வர்றவன் நூல் பிடிச்சுப் போயிடலாம்.

இப்பதான் ஏஐ எழுதிக் கொடுக்குதேன்னு கேப்பீங்க. "டைம்அவுட்டை 10லேர்ந்து 45 ஆக்கு"ன்னு அழகாத்தான் எழுதுது. எல்லா விதிக்கும் பொருந்துது. ஆனா பேங்க் ஸ்லோவானதும், ஜனங்க காசு ரெண்டு தடவை போனதும் நாம சொல்லாம அதுக்கு எப்படித் தெரியும்? டிஃப்லயே இருக்கறதை நமக்கே திருப்பிச் சொல்றதுக்கு எதுக்கு ஒரு மெசேஜ்?

45ஐ மறுபடி போட்டதும் அந்தப் பையன்தான். விளக்கமே ஆறு வரி எழுதியிருந்தான். அனுப்பறதுக்கு முன்னாடி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, உங்க பழைய கமிட்டையும் இதுல குறிப்பிடட்டுமா?"

"போடுறா"ன்னேன்.