ஓடாத மோட்டாருக்கும் கட்டணமா?

1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணி மின்சாரம் தருகிறது. அதே ஆற்றங்கரையில், நெல்லையில் வண்டி பழுது பார்க்கும் சிறு பட்டறைக்காரர், வேலையில்லாத மாதத்திலும் நிலைக்கட்டணம் கட்டுகிறார். ஒப்பந்தத்தில் எழுதிய கிலோவாட்டுக்கே கணக்கு. கம்ப்ரெஸரும் வெல்டிங் மிஷினும் சும்மா கிடந்தாலும் தள்ளுபடியில்லை.

சிறு தொழில்களுக்குக் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாயிருந்த இக்கட்டணம், 2022 செப்டம்பரில் இரட்டிப்புக்கு மேலாயிற்று. 2023 செப்டம்பர் 25-ல் தமிழகமெங்கும் சிறு தொழிற்கூடங்கள் கதவடைத்தன. அதன் பிறகே 12 கிலோவாட்டுக்குட்பட்ட தொழில்களுக்குச் சலுகை வந்தது. போராடாமல் எது கிடைத்தது?

நமக்கென்ன என்று இருக்கலாமா? பட்டறைக்காரரின் சுமை, ஸ்பானர் பிடிக்கும் தொழிலாளியின் கூலியில்தான் இறங்குகிறது. தேவைக்கு மிஞ்சி எழுதிய மின்பளுவைப் பட்டறைக்காரர்கள் மனுக்கொடுத்துக் குறைக்கட்டும். அரசு நிலைக்கட்டணத்தைப் பழைய அளவுக்கு இறக்கட்டும். ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நாம் இக்கோரிக்கைக்குத் தோள் கொடுப்போம்!