சில்லுக்குத் தகுந்த மரியாதை

மச்சினன் மகன் விடாப்பிடியாக அழைத்ததால் பணஜியில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றுக்குப் போயிருந்தேன். முப்பது வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். எங்கே போனாலும் ஊழியர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ரூலெட் மேஜையில் ஒரு பெரியவர், சக்கரத்தில் சுழலும் பந்து வேகம் தணிந்த பிறகு 17-ஆம் எண்ணில் ஒரு சில்லை வைத்தார். அப்போது வைக்கக் கூடாது என்பது விதி, அவருக்குத் தெரியவில்லை. ஊழியர் அதைச் சுண்டி எறிந்தார். தரையில் உருண்டது. “கண் தெரியலையா?” என்று இந்தியில் ஓர் அதட்டல் வேறு. மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். இரண்டு மேஜை தள்ளி, சில்லுகளை அடுக்கடுக்காக வைத்திருந்தவர் செய்த அதே தவறுக்கு “அடுத்த சுற்றில் வையுங்கள் ஸார்” என்று குழைவு!

விடிய விடிய நின்று குடிகாரர்களிடம் வசவு வாங்கும் வேலை அது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்தச் சக்கரத்தில் பூஜ்யத்தோடு 37 எண்கள். ஜெயித்த எண்ணுக்குக் கொடுப்பதோ 35 மடங்கு. வித்தியாசம் முதலாளிக்கு. அப்படிச் சம்பாதித்துக் கொடுப்பவரையா அதட்டுவது? 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வெளியூர்க்காரன்தானே, யாரிடம் போய்ச் சொல்வான் என்ற தைரியமோ என்னவோ!

முதலாளிமாரே, நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே விதிகளை இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பெரியவர் சில்லு கிடைக்காமலேயே கரைக்குப் படகேறினார்.