உதட்டுப் பிளவு: தழும்பை விட வலிப்பது எது?

உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவு அல்லது அண்ணப் பிளவுடன் பிறக்கிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை இதற்கு இலவச சிகிச்சை உண்டு. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு மூலம் சிதறால் போன்ற கிராமத்துக் குடும்பங்களும் இதைப் பெறலாம்.

ஆனால் தழும்பின் அளவை வைத்து மனவேதனையை அளக்க முடியாது என்கின்றன உளவியல் ஆய்வுகள். சிறு தழும்பு உள்ளவரும் ஒடுங்கிப் போகிறார். பள்ளியில் கேலி, திருமணப் பேச்சில் தயக்கம், 'கிரகணத்தில் வெளியே போனாள்' என்று தாய் மீது பழி. காயத்தை ஆறவிடாதவை இவைதான்.

யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அன்றே தெளிவுபடுத்திவிட்டார்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆன் (49:11) தடுக்கிறது. அறுவை சிகிச்சைக்கு அரசு இருக்கிறது. கேலியை நிறுத்த வேண்டியது நாம்தான். நம் வீட்டிலும் மதரஸாவிலும் இருந்தே தொடங்குவோம்.