இருக்கையிலிருந்து கேட்ட ஸெப்பலின்

லெட் ஸெப்பலினின் கள்ளப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடையே நெடுங்காலமாக ஒரு தரவரிசை இருந்துவருகிறது. கச்சேரியின்போது ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட நாடா முதல் தரம். கூட்டத்தில் அமர்ந்திருந்த யாரோ ஒருவர் ஒளித்துக் கொண்டுபோன கருவியில் பதிந்தது இரண்டாம் தரம். முன்னதை 'சவுண்ட்போர்டு' என்பார்கள், பின்னதை 'ஆடியன்ஸ்' என்பார்கள். பின்னதைச் சொல்லும்போது குரலில் ஒரு மன்னிப்புக் கோரும் தொனி தானாக வந்துவிடும். "ஆடியன்ஸ்தான், ஆனால் கேட்கலாம்" என்று.

அந்த 'ஆனால்' தேவையற்றது என்பது நம் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய், வரிசையையே தலைகீழாக்க வேண்டும் என்றும் சொல்வோம். ஒலித்துல்லியத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இதை ஏற்கமாட்டார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறோம்.

இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1977ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணத்தில் பதிவானவை. ஒன்று ஏப்ரல் மாதம் கிளீவ்லாந்துக்கு அருகே நடந்த கச்சேரி. 'டெஸ்ட்ராயர்' என்ற பெயரில் பரவிய புகழ்பெற்ற சவுண்ட்போர்டு. மற்றது ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் நடந்தது. 'லிசன் டு திஸ், எடி' என்ற பெயரில் வழங்கும் ஆடியன்ஸ் பதிவு. பயணம் ஒன்று, கலைஞர்கள் நால்வரும் அவர்களே, பாடல் வரிசையும் பெருமளவு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இணை கிடைப்பது கடினம்.

'டெஸ்ட்ராயர்' கேட்கும்போது ராபர்ட் ப்ளான்ட்டின் மூச்சு நம் காதருகே இழைகிறது. ஜிம்மி பேஜின் விரல் தவறிய இடங்களும் (அவை குறைவல்ல) ஒளிவுமறைவின்றித் தெரிகின்றன. ஜான் பால் ஜோன்ஸின் விசைப்பலகையை இழை இழையாகப் பிரித்துக் கேட்கலாம். ஆனால் சிறிது நேரத்தில் ஒரு விசித்திரமான வறட்சி மனதில் படிகிறது. நால்வரும் நான்கு கண்ணாடி அறைகளில் அமர்ந்து வாசிப்பதுபோல. காரணம் எளிது. மேசைக்கு வந்து சேர்வது மேடை மைக்குகள் வாங்கிக்கொண்டது மட்டுமே. அந்த ஒலி பெருக்கிகள் வழியே வெளியேறி, கூரையில் மோதி, ஆயிரக்கணக்கான உடல்களில் பட்டுத் திரும்பி, ஒரு மனிதக் காதை அடையும் பயணம் அதில் இல்லை. பாட்டு முடிந்ததும் எழும் ஆரவாரம்கூட, பாடகரின் மைக்கில் கசிந்த அளவுக்கே, பக்கத்துத் தெருவில் நடக்கும் விழாபோலத் தொலைவில் கேட்கிறது.

இனி 'எடி'. பாடல் தொடங்கிய கணத்தில் ஜான் பான்ஹமின் முரசு நெஞ்சில் விழுகிறது. ஒலி சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது. சிம்பல்களின் ஓசை சில இடங்களில் கிட்டாரை மூடிவிடுகிறது. இருந்தும் இந்த இசைக்குழு ஏன் அரங்குகளை ஆண்டது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. பான்ஹமின் வாசிப்பு வெறும் தாளமல்ல. ஒரு பெரிய கட்டிடத்தையே வாத்தியமாக்கிக்கொள்ளும் கலை. கட்டிடத்தை நீக்கிவிட்டால் அவர் வாசித்ததில் பாதி போய்விடுகிறது. சவுண்ட்போர்டில் நாம் கேட்பது அந்த மீதிப் பாதியை. அன்றிரவு பேஜ் கிளீவ்லாந்தில் இருந்ததைவிடத் தெளிவாக வாசித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெருமையையும் மைக்குக்குக் கொடுப்பது நேர்மையாகாது.

இந்தப் பதிவைச் செய்தவர் மைக் மில்லர்டு. ராக் இசை ரசிகர்களிடையே இவர் பெயர் ஏறக்குறைய ஒரு புராணம். நன்றாக நடக்கக்கூடிய மனிதர், சக்கர நாற்காலியில் அமர்ந்து அரங்கினுள் செல்வார். நாற்காலியில் கனமான நாகமிச்சி 550 கேசட் கருவி ஒளிந்திருக்கும். மைக்குகள் ஏகேஜி நிறுவனத்தின் உயர்ரகம். 1970களில் பெரும்பாலோர் கையடக்கக் கருவியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய், துணி உரசும் ஓசையோடு பதிந்துகொண்டிருந்த காலம் அது. இவரோ ஒலிப்பதிவுக்கூடத்துக்குரிய சிரத்தையை நாற்காலியில் ஏற்றிக்கொண்டு போனார். 1975 மார்ச்சில் இதே ஃபோரத்தில் இவர் பதிந்த ஸெப்பலின் கச்சேரிகளும் உண்டு. தாம் பிறருக்குக் கொடுத்த பிரதிகளில் சிறு அடையாளங்களை இட்டுவைத்து, எந்தப் பிரதி வியாபாரிகளிடம் போகிறது என்று கண்காணித்தார் என்றும் சொல்வார்கள். 1994இல் இறந்துபோனார். அவரது பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்ட பதிவுகள் 2019 முதல் புதிய சுத்தத்துடன் ரசிகர்களிடையே இலவசமாகப் பரவத் தொடங்கின. பிரதியின் பிரதியின் பிரதியை வைத்துக்கொண்டு அதுவே மூலம் என்று நம்பியிருந்த நமக்கு, திடீரென மூலச்சுவடிக்கு அடுத்த ஏடு கைக்குக் கிடைத்ததுபோல இருந்தது.

சுவடி என்று சொன்னது வெறும் உவமைக்காக அல்ல. ஒரே அரங்கம், ஒரே பாடல், மூன்று வெவ்வேறு ஆண்டுகள் என்று அடுக்கி வைத்துப் படித்தால், பாடபேதம் பார்ப்பவரின் இன்பம் இங்கும் கிடைக்கிறது.

பாடல் 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ'. அரங்கம் ஃபோரம்.

முதல் இரவு 1970 செப்டம்பர் 4. ராக் வரலாற்றின் தொடக்ககாலக் கள்ளத்தட்டுகளில் பேர்பெற்ற 'லைவ் ஆன் புளூபெரி ஹில்' இந்த இரவினுடையது. அன்று வெவ்வேறு இருக்கைகளிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள்; ஒன்றில் குரல் முன்னே நிற்கிறது, மற்றொன்றில் கிட்டார். இந்தப் பாடல் இடம்பெற்ற மூன்றாம் ஆல்பம் அக்டோபரில்தான் வெளிவந்தது. எனவே அன்று அங்கிருந்த ஒருவர் வீட்டிலும் இதன் இசைத்தட்டு இருந்திருக்க முடியாது. தொடக்கக் கிட்டார் வரிகளுக்கு ஆரவாரம் இல்லை. என்ன வரப்போகிறது என்று அறியாத ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு பதிவில் ஏறியிருக்கிறது. ப்ளான்ட்டின் குரலும் அப்போது எந்த உயரத்தையும் அஞ்சாத குரல்.

இரண்டாவது 1972 ஜூன் 25. இப்போது பாடல் அறிமுகமானது; கலைஞர்களும் அதன் மடிப்புகளை நன்கறிந்து, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வெடிக்க வேண்டும் என்று வாசிக்கிறார்கள். நம் எண்ணத்தில் இந்தக் குழு மிகச் சமநிலையோடு இருந்த காலம் இதுவே.

மூன்றாவது மேலே சொன்ன 1977. முதல் சுரத்துக்கே கூட்டம் எழுகிறது. அவர்கள் கேட்பது தங்களுக்கு மனப்பாடமான ஒன்றை. ப்ளான்ட்டின் குரல் முன்போல ஏறுவதில்லை. பழைய சிகரங்களைச் சுற்றிப் போகிறார். அந்தப் பயணத்தின் பதிவுகளில் பார்வையாளர் பட்டாசு கொளுத்திப் போடும் ஓசை சர்வசாதாரணம். ஜூலை 24 அன்று ஓக்லாந்தில் வாசித்ததோடு பயணம் நின்றது. இரண்டு நாள் கழித்து ப்ளான்ட்டின் ஐந்து வயது மகன் இறந்தான். அமெரிக்காவுக்கு அவர்கள் குழுவாகத் திரும்பவே இல்லை. 1980 செப்டம்பரில் பான்ஹமும் போனார். இவ்வளவும் தெரிந்து இன்று கேட்கும் நமக்கும், ஒன்றும் தெரியாமல் கூச்சலிடும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே உள்ள தூரம் சவுண்ட்போர்டில் கிடைக்காது. கூட்டம் இருந்தால்தானே தூரமும் இருக்கும்.

அதிகாரபூர்வ வெளியீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் நம்மைச் சந்தேகிப்பார்கள். 2003இல் பேஜ் தொகுத்த 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' மகத்தான தொகுப்பு. ஒலியில் அதற்கு இணையான கள்ளப்பதிவு கிடையாது. ஆனால் அது 1972 ஜூன் 25 ஃபோரம் கச்சேரியையும் 27 லாங் பீச் கச்சேரியையும் இணைத்துச் செய்தது. இரண்டு இரவுகளின் சிறந்த பகுதிகளைக் கோத்து, நடக்காத மூன்றாவது இரவொன்றை அது உருவாக்கியிருக்கிறது. 'பர்ன் லைக் எ கேண்டில்' என்ற கள்ளப்பதிவில் ஜூன் 25 அன்று நடந்தது நடந்தபடி கிடைக்கிறது. இறுதியில் கூட்டம் விடாமல் கேட்க, அவர்கள் திரும்பத் திரும்ப மேடைக்கு வருகிறார்கள். 'லூயி லூயி' வாசிக்கிறார்கள். ஜோன்ஸ் ஆர்கனில் நெடுநேரம் உலவிவிட்டு 'தேங்க் யூ'வுக்கு வருகிறார். 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' வருகிறது. இம்மூன்றும் தொகுப்பில் இல்லை. களைப்பும் விளையாட்டுத்தனமும் கலந்த அந்தப் பின்னிரவு உதிர்ந்துபோய், கம்பீரம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நமக்கு அந்தப் பின்னிரவும் வேண்டும்.

திருட்டுப் பொருளைப் புகழலாமா என்ற கேள்வி நியாயமானது. 1970களில் கள்ளத்தட்டு அடித்து விற்றவர்கள் கலைஞர்களுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட் இதில் இரக்கமற்றவர். வான்கூவரில் அரங்கின் சத்தத்தை அளக்க வந்திருந்தவரின் கருவியைப் பதிவுக்கருவி என்று எண்ணி உடைத்த கதை பிரசித்தம். பேஜ் 2007இல் கிளாஸ்கோ நீதிமன்றத்துக்கே வந்து, கள்ளப்பதிவு விற்ற ஒருவருக்கு எதிரான வழக்கில் சாட்சி சொன்னார். ஆனால் அங்கே அவர் ஒரு கோடு கிழித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்: ரசிகர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வது வேறு, அதைப் பொதிந்து சந்தையில் விற்பது வேறு. நாமும் அந்தக் கோட்டின் இப்புறமே நிற்கிறோம். காசு கொடுத்து வாங்கிய கள்ளத்தட்டு ஒன்று நம்மிடமும் இருந்தது. உறையில் இருந்த தேதி ஒன்று, உள்ளே இருந்த கச்சேரி வேறொன்று. அதன்பின் வாங்கியதில்லை.

இதற்கிடையே காற்று வேறு திசையில் வீசத் தொடங்கிவிட்டது. 2025 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வெளியானபோது, அதில் 1975 ஏப்ரல் 26 லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரி சேர்க்கப்பட்டது. அது மேசைப் பதிவல்ல. கூட்டத்தின் நடுவே மைக் மில்லர்டு திருட்டுத்தனமாக எடுத்த நாடா. ஸ்டீவன் வில்சன் சீர்செய்திருக்கிறார். காவலர்களின் கண்ணுக்குத் தப்பிப் பதிந்ததை, அந்தக் குழுவே தன் பெயரில் வெளியிட்டிருக்கிறது. ஸெப்பலின் தரப்பு இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. 'எடி' இன்றும் கள்ளப்பதிவுதான்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் 'டெஸ்ட்ராய'ரில் தொடங்க வேண்டாம். 1972ஐ முதலில் கேளுங்கள், பிறகு 'புளூபெரி ஹில்', கடைசியில் 'எடி'. காதணி ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அறைக்குள் ஒலி பரவும்படி சற்று உரக்க வையுங்கள். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். அருகில் யாரோ விசிலடிப்பார்கள். அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்.