பெரியபட்டினம் புகட்டும் பாடம்



நமது புதுமடத்திலிருந்து கடற்கரையோரமாக மேற்கே சென்றால், கீழக்கரையை எட்டுமுன் பெரியபட்டினம் என்னும் ஊர் வரும். இன்று சிற்றூராக விளங்கும் அவ்வூர், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சீனரும் அரபியரும் நாடி வந்த துறைமுகம் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

பாண்டியர் காலத்தில் அது பவித்திரமாணிக்கப்பட்டினம் என வழங்கிற்று என்பர் ஆய்வாளர். அப்பட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னன் நிலங்களை இறையிலியாக அளித்த செய்தியை 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று கூறுகிறது. அக்கல்வெட்டு இருப்பது திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில்! அக்காலத்தார் ஒருவரோடொருவர் வாழ்ந்த வாழ்வுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1340-களில் மதுரை சுல்தானின் நாட்டிற்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 'பத்தன்' என்னும் துறைமுகத்தைத் தம் பயண நூலில் வருணிக்கிறார். கடலுக்குள் பெருமரங்களை நட்டு அமைத்த மண்டபம், பகைவர் வந்தால் கப்பல்களை அதனோடு பிணைத்துவிட்டு, வில்வீரர் அதில் ஏறிக் காவல் நிற்பர், கல்லால் ஆகிய அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை, தாம் பழக்கிய சிங்கத்தோடு உண்டு உறங்கிய ஒரு தர்வேஷ். இவற்றையெல்லாம் அவர் அங்கே கண்டார். சீனப் பயணி வாங் தாயுவானும் 1349-இல் எழுதிய நூலில் இத்தகைய பட்டினம் ஒன்றைக் குறிக்கிறார். இருவரும் கூறுவது பெரியபட்டினமே என்பது அறிஞர் பலர் கருத்து.

அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது மண். 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து எழுதினார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வூரின் பெருமையை நமக்குச் சொன்னவர் யாவர்? மொராக்கோக்காரர், சீனர், ஜப்பானியர், கோயிற்கல்! ஊரார் எழுதி வைத்த ஏடொன்றும் இவ்வரிசையில் இல்லை. இங்கிலாந்திலோ, 1538 முதல் தேவாலயந்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு அரசு ஆணையிட்டது. ஆதலின் அங்குள்ள மிகச் சிறிய கிராமத்துக் குடியானவனும் தன் முன்னோர் பெயரை நூற்றாண்டுக் கணக்கில் பின்சென்று காண இயலுகிறது.

நம்மிடமும் அத்தகைய செல்வம் உண்டு. ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகள், மையவாடியின் மீஸான் கற்கள், பழம் பள்ளிவாசல்களின் கல்வெட்டுகள், பெட்டிக்கடியில் உறங்கும் அரபுத்தமிழ்க் கையேடுகள் ஆகியன அவை. கட்டடத்தைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் எழுத்துள்ள கல்லை அடித்தளத்தில் இட்டு நிரப்புவதும், செல்லரித்த ஏட்டை எரித்து விடுவதும் ஊரின் நாவை அறுப்பதற்கு ஒப்பாகும். இடிக்குமுன் படம் எடுங்கள்; எரிக்குமுன் படியெடுங்கள். வீட்டிலுள்ள முதியோரை அமர்த்தி, அவர்கள் அறிந்த பெயர்களையும் ஆண்டுகளையும் ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

நம் ஊரின் கதையை இனியேனும் நாமே எழுதி வைப்போமாக!